சிலம்பமா, டேக்குவாண்டோவா, கராத்தேயா, தோமோயா? தோட்டத்து இளைஞனுக்கு எது பொருந்தும்?

இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்த கையோடு, மலேசியாவின் கெடா மாநிலத்தில் எங்கள் பீடோங் வட்டாரத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். பையன் கைப்பேசியும் கையுமாகவே கிடக்கிறானே, ஏதாவது தற்காப்புக் கலை வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று அப்பா கேட்பார். அடிதடி கற்றுக்கொண்டு வம்பை விலைக்கு வாங்கிவருவானோ என்று அம்மா தயங்குவார். பையனுக்கோ காணொளியில் பார்த்த முவே தாய் சண்டை மேல்தான் கண்; அதன் உறவுக்கலையைத்தான் எங்கள் பக்கம் தோமோய் என்பார்கள். நம்முடைய சிலம்பம் இருக்கும்போது வேறு எதற்கு என்று மாமா ஒருவர் குறுக்கே வருவார். இந்த நால்வரையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிப்படிப்பை முடித்து வேலைக்குப் போகும் இளைஞனுக்கு, ஆளும் ஆளும் எதிரெதிரே நின்று மோதிப் பழகும் சிலம்ப வகுப்பு கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் கராத்தே. இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருப்பவனுக்கு டேக்குவாண்டோ. தோமோய் நல்ல கலைதான், ஆனால் எல்லாருக்கும் உரியதல்ல. ஏன் இப்படி வரிசைப்படுத்துகிறேன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் உடம்பு. தாத்தா, பாட்டி காலத்தில் விடியுமுன்னே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரத்துக்கு மரம் நடந்து பால் சீவினார்கள். அந்த நடையும் வாளி சுமந்த தோளும் வேறு உடற்பயிற்சி தேவைப்படாத வாழ்க்கையைத் தந்தன. இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பேரப்பிள்ளைகளில் பலர் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளில் 12 மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். வேலை முடிந்து வரும் வழியில் ரொட்டிச்சானாய், தே தாரிக். அரிசியும் சர்க்கரையும் அப்படியே தொடர்கின்றன, அதை எரித்த நடை மட்டும் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். இருபது வயதில் இது யாருக்கும் உறைக்காது. நாற்பதில் கால் விரலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது உறைத்துப் பயனில்லை.

உழைக்கும் தசை, இன்சுலின் துணை இல்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நீரிழிவைத் தள்ளிவைக்க உடற்பயிற்சி உதவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒன்றரை மணி நேர வகுப்புக்கு வாரம் இருமுறை ஒழுங்காகப் போனாலே கணக்கு ஈடேறிவிடும். இந்த அளவில் எந்தக் கலையும் எதற்கும் குறைந்ததல்ல. தனியாக ஓடுகிறவன் மழை வந்தால் நின்றுவிடுவான். வகுப்பில் சேர்ந்தவனைப் பார்த்து, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் வகுப்பின் பக்கம் நிற்கிறேன்.

அடுத்தது மனம். இங்குதான் தேர்வு முக்கியமாகிறது. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றில் நம் பிள்ளைகள் எவ்வளவு பேர் என்பதைப் படித்துத் தலைகுனிந்தவர்கள் நாம். கும்பல் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு எதைத் தருகிறது? “தம்பி, சாப்பிட்டாயா?” என்று கேட்கும் ஓர் அண்ணனை, மாலையில் போய் உட்கார ஓர் இடத்தை, நாலு பேர் மதிக்கும் ஒரு பெயரைத் தருகிறது. நல்ல தற்காப்புக் கலை வகுப்பும் இந்த மூன்றையும் தரும், கையில் விலங்கு மாட்டாமல் தரும். ஆனால் ‘நல்ல’ என்ற சொல்லுக்கு அங்கே அடிக்கோடு போட வேண்டும்.

1986இல் அமெரிக்காவில் ட்ருல்சன் என்ற ஆய்வாளர் செய்த சிறிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தவறான வழியில் போன 34 பதின்ம வயதுப் பையன்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு டேக்குவாண்டோவை அதன் மரபோடு, தியானம், ஆசிரியர் மரியாதை, ஒழுக்கப் பாடம் எல்லாவற்றோடும் கற்பித்தார்கள். இன்னொரு குழுவுக்கு உதையும் குத்தும் மட்டும். மூன்றாம் குழு ஓட்டம், பந்தாட்டம் என்று பொதுவாக விளையாடியது. ஆறு மாதம் கழித்து முதல் குழுவின் மூர்க்கம் குறைந்திருந்தது. சண்டை மட்டும் கற்ற குழுவுக்கு அது கூடியிருந்தது. கலை ஒன்றுதான், கற்பித்த முறைதான் வேறு. ஆய்வு சிறியது, அதை வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் நான் திடல்களில் பார்த்துவருவதும் இதைத்தான். ஆகவே, கீழே எந்தக் கலையைப் பற்றிச் சொன்னாலும் கற்பிக்கிறவரைப் பொறுத்தே அதைப் படியுங்கள்.

சிலம்பத்துக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களோடு கப்பலேறி வந்த கலை இது. தமிழ்ப்பள்ளித் திடலோ கோயில் வளாகமோ போதும், தனிக் கட்டடம் வேண்டாம். கம்புக்குத்தான் செலவு, அதுவும் பெரிய செலவில்லை. நிற்கிறவரின் நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்பு வெட்டினால் ஆண்டுக்கணக்கில் வரும். மூங்கிலைவிடப் பிரம்பு நல்லது என்பேன். மூங்கில் அடிபட்டுப் பிளந்தால் சிம்பு கையில் ஏறும், பிரம்பு வளைந்து கொடுக்கும்.

ஒரு மாலை வகுப்பில் நான் பார்த்தது. இருவரும் கம்பு முனையில் கரித்தூளைத் தடவிக்கொண்டு இறங்கினார்கள். ஒருவன் மீது கம்பு பட்டால் கறுப்புத் தடம் விழும், அதுதான் புள்ளி. ஆட்டம் முடிந்து திரும்பிய ஒரு பையனின் வெள்ளைக் காற்சட்டையில் மூன்று தடங்கள், மூன்றும் இடது தொடையில். ஆசான் திட்டவில்லை. விரலால் ஒவ்வொரு தடத்தையும் தொட்டுக் காட்டினார். “இந்தக் கால்தான் எப்போதும் முன்னால் நிற்கிறது. அவனுக்கு அது தெரிந்துவிட்டது. உனக்கு இப்போதுதான் தெரிகிறது.” பையன் குனிந்து தன் தொடையைப் பார்த்தான். அடுத்த ஆட்டத்தில் அவன் காலடி மாறியிருந்தது. தோற்ற இடம் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது, மறுக்க வழியில்லை, அதற்காக யாரையும் வெறுக்கவும் தேவையில்லை. இருபது வயதுக்காரனுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

உடம்புக்கும் சிலம்பம் வஞ்சனை செய்வதில்லை. வீச்சு இரு கையிலும் பழகியாக வேண்டும் என்பதால் சோம்பிக் கிடந்த இடது தோள் விழிக்கும். இடுப்பு சுழலாமல் கம்பு சுழலாது. நாள் முழுவதும் இயந்திரத்தின் முன் குனிந்து நிற்கிறவனின் முதுகுக்கு இது மருந்து. எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், எந்த நொடியில் எட்டுவான் என்று அளக்கும் கண் வருகிறது. கம்பு கையில் இல்லாதபோதும் அந்தக் கண் கூட வரும்.

குறையும் இருக்கிறது. பல வகுப்புகள் அலங்காரச் சிலம்பத்தோடு நின்றுவிடுகின்றன. கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் தீப்பந்தம் சுற்றினால் கைதட்டல் விழும். தீப்பந்தம் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டு காற்றை மட்டும் அடித்துப் பழகியவன், எதிரே ஓர் ஆள் நின்றால் திகைத்துப்போவான். சேருமுன் ஆசானிடம் கேளுங்கள்: தொடுமுறை ஆட்டம் எத்தனை மாதத்தில் தொடங்கும்? முகக்கவசம், கைக்கவசம் உண்டா? கவசமில்லாமல் கம்பாட்டம் ஆடவிடும் இடத்தில் விரலும் கண்ணும் பணயம், அங்கே சேர வேண்டாம். அலங்காரம் மட்டுமே என்றால், நம் கலை என்ற பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கராத்தேக்குப் போகலாம் என்பதுதான் என் கருத்து. மாமாக்களுக்குக் கோபம் வரலாம். பையனின் நலன் முக்கியம்.

கராத்தே ஒக்கினாவாவில் வளர்ந்தது. கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் தோக்கியோவில் செய்துகாட்டிய பிறகு ஜப்பான் முழுவதும் பரவி, அங்கிருந்து உலகெங்கும் போனது. மலேசிய அணியில் பல ஆண்டுகளாகத் தமிழ்ப் பெயர்கள் தொடர்ந்து இடம்பெற்று வந்திருக்கின்றன. அதனால் நம் பையனுக்குப் பார்த்து வளர முன்மாதிரிகள் உண்டு. அதன் தனிச் சிறப்பாக நான் கருதுவது கட்டுப்பாடு. போட்டியில் முகத்துக்குக் குத்து விடலாம், ஆனால் தோலைத் தொடும் அளவில் நிறுத்த வேண்டும். மீறி அடித்துக் காயப்படுத்தினால் அடித்தவனுக்குத்தான் எச்சரிக்கை. முழு வேகத்தில் கிளம்பிய கைமுட்டியை எதிராளியின் மூக்கருகே நிறுத்துவதற்கு, அடிப்பதைவிடக் கூடுதல் வலிமை வேண்டும். சட்டென்று கோபம் வரும் பையன்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கராத்தேயைச் சொல்வேன். கத்தா என்னும் தனியாட்ட வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்வது சிலருக்குச் சலிப்பூட்டும். பொறுமை இல்லாதவன் ஆறு மாதத்தில் கழன்றுகொள்வான். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்ற கராத்தே, 2024 பாரிஸில் இல்லை. ஒலிம்பிக் கனவோடு வருகிறவன் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

டேக்குவாண்டோவை இங்கே கொண்டுவந்தவர் ஜெனரல் சோய் ஹோங் ஹி, 1960களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் தென்கொரியத் தூதராக இருந்தவர். 2000ஆம் ஆண்டு சிட்னி முதல் ஒலிம்பிக் பதக்க விளையாட்டு. பள்ளி மாணவனுக்கு இதை முதலில் வைப்பதற்குக் காரணம், பட்டைத் தேர்வுகளும் மாவட்ட, மாநிலப் போட்டிகளும் ஒழுங்காக அமைந்திருப்பதுதான். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தப் பத்தில், மாநில அளவில் விளையாடியதற்கான சான்றிதழ் பேசும். ஒரு புள்ளியில் இடம் தவறிப்போகும் நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமல்ல. சிலம்பத்திலும் கராத்தேயிலும் சான்றிதழ் உண்டு, ஆனால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பழக்கமானது டேக்குவாண்டோதான்.

விளையாட்டாகப் பார்த்தால் கால்களுக்கு இதற்கு ஈடு இல்லை. தற்காப்பாகப் பார்த்தால் எனக்குத் தயக்கம் உண்டு. போட்டி விதிப்படி மார்புக்கு விடும் குத்துக்கு ஒரு புள்ளி, உதைக்கு இரண்டு, தலைக்கு உதைத்தால் மூன்று, சுழன்று உதைத்தால் இன்னும் கூடுதல். முகத்துக்குக் குத்து விடவே கூடாது. ஆகவே பையன்கள் கையைக் கீழே தொங்கவிட்டுப் பழகுகிறார்கள். பட்டைத் தேர்வு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பதையும் பெற்றோர் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். மாதக் கட்டணம் குறைவாகத் தெரியும், கறுப்புப் பட்டை வரைக்கும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

தோமோய் வடமாநிலங்களின் கலை. தாய்லாந்து எல்லையை ஒட்டிய கெடாவில் அதற்கு ஆழமான வேர் உண்டு. கைமுட்டி, முழங்கை, முழங்கால், கணைக்கால் என்று எட்டு உறுப்பாலும் அடிக்கலாம். கடைவீட்டு மாடியில் இருக்கும் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தால் தைல வாடை மூக்கைத் துளைக்கும். நான்கரை மீட்டர்த் துணியை விரலிடுக்கெல்லாம் நுழைத்துக் கையில் சுற்றிக்கொண்டு, பயிற்சியாளர் பிடிக்கும் தடுப்பட்டையில் மூன்று நிமிடம் ஓயாமல் அடிப்பார்கள். ஒரு நிமிட ஓய்வு. மறுபடியும் மூன்று நிமிடம். மூச்சுத்திறனும் எடைக்குறைப்பும் வேண்டுமென்றால் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வர முடியாது. இன்னொரு வசதி, பல கூடங்கள் வாரத்தில் பெரும்பாலான நாள் திறந்திருக்கும். பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறி வரும் தொழிற்சாலைப் பையனுக்கு இது பெரிய காரியம். வெள்ளிக்கிழமை காலை மட்டும் வகுப்பு என்றால் அவன் மாதத்தில் பாதியைத் தவறவிடுவான்.

ஆனால் தோமோயில் தலைக்கு அடி விழும். மூளைக்குச் சேரும் அதிர்ச்சி அன்றன்றே வெளியே தெரியாது, ஆண்டுகள் கழித்துத் தெரியும். பதினெட்டு வயதுக்குக் கீழே தலைக்கு அடிக்கும் பயிற்சி வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தடுப்பட்டைப் பயிற்சி மட்டும் செய்யட்டும், தடையில்லை. ஏற்கெனவே கோபக்காரன் என்று பெயர் எடுத்தவனை நேரே இங்கே அனுப்புவதும் சரியில்லை. ட்ருல்சனின் இரண்டாம் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். சண்டையை மட்டும் கற்பிக்கும் கூடம் எது, குருவணக்கத்தோடு தொடங்கும் கூடம் எது என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். எடை கூடிப்போனவன், இருபத்தைந்தை நெருங்குகிறவன், வேலையில் நிலைத்துவிட்டவன், இவர்களுக்குத் தோமோயைத் தாராளமாகச் சொல்வேன்.

மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட் பற்றிச் சுருக்கமாக. யுனெஸ்கோ 2019இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அதைச் சேர்த்தது, தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டியில் 1987 முதல் இருக்கிறது. மலாய் நண்பர்களோடு சேர்ந்து கற்க விரும்பும் பையனைத் தடுக்காதீர்கள். சில பிரிவுகளில் சேர்க்கைச் சடங்கு இஸ்லாமிய முறையில் இருக்கும், அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் இரு தரப்புக்கும் சங்கடமில்லை. ஜூடோவை விரிப்பு இல்லாமல் கற்க முடியாது என்பதால் தோட்டப்புற ஊர்களில் கிடைப்பது அரிது. எங்காவது கிடைத்தால் விட்டுவிட வேண்டாம். அடிபடாமல் விழுவது எப்படி என்பதை முதல் மாதத்திலேயே கற்பிப்பார்கள். மோட்டார் சைக்கிளிலேயே வாழ்நாளைக் கழிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது உதவும்.

அம்மாவின் அச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கற்றவன் வம்புக்குப் போவானா? சட்டத்தை முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் சேர்த்தால் போகமாட்டான். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவுப்படி, வேண்டுமென்றே ஒருவரைக் காயப்படுத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயுதத்தால் என்றால் 324ஆம் பிரிவு, சிறை பத்தாண்டு வரை போகும். சிலம்பக் கம்பும் அந்தக் கணக்கில் சேரக்கூடும். தற்காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது, ஆனால் தேவைக்கு மேல் ஓர் அடியும் கூடாது என்று 99ஆம் பிரிவு எல்லை கட்டுகிறது. வேலை தேடும் வயதில் காவல் நிலையப் பதிவு ஒன்று விழுந்தால் அதன் விலை என்ன என்று பையன்களிடம் ஒளிக்காமல் பேச வேண்டும்.

வகுப்பைப் பார்க்கப் போகும்போது பையனும் அப்பாவும் சேர்ந்தே போங்கள், மூலையில் நின்று முழு வகுப்பையும் பாருங்கள். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை, நேர்மையானவர் முகம் சுளிக்காமல் காட்டுவார். மூத்த மாணவன் புதியவனோடு மோதும்போது அடியின் வேகத்தைக் குறைக்கிறானா என்று கவனியுங்கள். குறைக்காமல் அடித்து, ஆசிரியரும் அதைப் பார்த்துச் சிரித்தால், அங்கே நடப்பது பகடிவதை. எவ்வளவு கோப்பைகள் அடுக்கிவைத்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். யாருக்காவது அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்துகிறார்களா, பனிக்கட்டி இருக்கிறதா, தலை சுற்றுகிறது என்றவனை அன்றைக்கு மறுபடி இறக்காமல் வீட்டுக்கு அனுப்புகிறார்களா என்றும் பாருங்கள். கும்பல் நிறங்களையும் எண்களையும் பச்சை குத்திக்கொண்டவர்கள் ஆசிரியரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இடம் எந்தக் கலையானாலும் வேண்டாம்.

சேர்ந்த பிறகு ஓராண்டாவது கலை மாறாமல் இருக்க வேண்டும். மூன்று மாதம் டேக்குவாண்டோ, மூன்று மாதம் தோமோய் என்று தாவுகிறவனுக்கு எதிலும் காலடி அமையாது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவன் அன்று மோதல் பயிற்சியில் இறங்கவே கூடாது, காலடி மட்டும் பழகிவிட்டுப் போகட்டும். களைத்த கண்ணுக்கு வரும் அடி தெரியாது. குடும்பத்தில் நீரிழிவோ இதயக் கோளாறோ இருந்தால், முதல் வகுப்புக்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு கம்பு வாங்கலாம்.